வரி ஏறிவிட்டது, சுண்டல் எங்கே?

மலேசியாவில் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 90 காசு வரி. 2019 ஜூலையில் 40 காசில் ஆரம்பித்தார்கள்; 2024இல் 50 ஆனது, 2025 ஜனவரியில் 90. ஏற்றட்டும், நல்லதுதான். ஆனால் பள்ளியில் பத்து மணி ஓய்வு நேரத்தில் அந்தப் பானத்தை வேண்டாமென்று வைத்துவிட்டு வரும் பிள்ளைக்கு, கொறிக்க என்ன வைத்திருக்கிறோம்? சிப்ஸ் பொட்டலமும் பொரித்த நகெட்டும்தானே!

31.4. இந்த எண்ணை நான் எங்கே போனாலும் சொல்கிறேன், இங்கும் சொல்கிறேன். 2019 தேசிய சுகாதார ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் நீரிழிவு உள்ளவர்கள் 18.3 விழுக்காடு. இந்தியர்களில் 31.4. ஈப்போ புந்தோங் சந்தையில் எதிரே வரும் மூவரில் ஏறக்குறைய ஒருவர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, வெயில் ஏறும்வரை பால்மரம் சீவியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இவர்களில் பலர். தோட்டம் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போயிற்று, அந்த உழைப்பும் போயிற்று. தட்டு நிறையச் சோறும் சீனி தூக்கலான தேநீரும் மட்டும் லயத்திலிருந்து அடுக்குமாடிவரை கூடவே வந்தன. 2023 ஆய்வில் நாட்டுச் சராசரி 15.6ஆக இறங்கியதே என்று யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம்.

இதற்கு மாற்றான தீனி ஈப்போவிலேயே இருக்கிறது. 1940களில் எட்டயபுரத்திலிருந்து வந்த குடும்பங்கள் கடலை விற்றே புந்தோங்கில் ஒரு கம்பத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தன: கம்போங் கச்சாங் பூத்தே. எங்கள் தோட்டத்தில் சம்பள நாளன்று சைக்கிள் மணி கேட்டால் போதும், தாள் சுருளில் சூடான அவித்த கடலைக்காக ஓடுவோம். நூறு கிராம் அவித்த கொண்டைக்கடலையில் சுமார் 9 கிராம் புரதம், 7 கிராமுக்கு மேல் நார்ச்சத்து. அதன் மாவுச்சத்து மெதுவாகத்தான் செரிக்கும். வெள்ளை ரொட்டியைப்போல் இரத்தத்தில் சர்க்கரையை எகிறவைக்காது. உலகமே 2016ஐப் பருப்பு வகைகளின் ஆண்டாகக் கொண்டாடியது. நாமோ கச்சாங் பூத்தே என்ற பெயரை வைத்துக்கொண்டு, எண்ணெயில் பொரித்த முறுக்கையும் ஓமப்பொடியையும் பைபையாக வாங்குகிறோம். இந்தக் குற்றம் நம்முடையது.

பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்பவர்கள் நவராத்திரிக்குக் கோயில் பக்கம் வந்ததே இல்லை போலும். சுண்டல் வாளியை முதலில் மொய்ப்பது யார்? வாயு என்பவர்கள் எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைக்கட்டும். ருசி இல்லை என்பவர்களுக்குக் கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் தேங்காய்ப்பூ, இறக்கும்போது எலுமிச்சை. மொறுமொறுப்புத்தான் வேண்டுமென்றால் அவித்த கடலையை ஈரம் போக உலர்த்தி, ஒரு கரண்டி எண்ணெயும் மிளகுத்தூளும் பிரட்டி ஓவனில் வறுக்கலாம். சிற்றுண்டிச்சாலைக்காரர்களின் லாபக் கணக்கைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பிள்ளையின் கணையத்துக்கு யார் கணக்கு எழுதுவது?

1979 முதல் ஏழை மாணவர்களுக்குப் பள்ளியில் உணவு தரும் துணை உணவுத் திட்டம் இருக்கிறது. பேராக்கின் எல்லாத் தமிழ்ப்பள்ளிகளிலும் அந்தத் தட்டில் வாரம் மூன்று நாள் சுண்டல் வரட்டும். பானவரிப் பணத்தில், புந்தோங் வியாபாரிகளிடமே வாங்கட்டும். ஒரு தலைமுறைக்குள் அந்த 31.4 பாதியாகும், எனக்கு இதில் துளியும் சந்தேகமில்லை. கல்வி அமைச்சு இன்று உத்தரவு போட்டால், முதல் மூட்டைக் கடலையை இன்றிரவே ஊறப்போட புந்தோங்கில் ஆள் உண்டு.