மானியம் அவர்களுக்கு, பழி நமக்கு!

நஷ்டத்தில் தத்தளிக்கும் ஒரு விமானக் கம்பெனியை மக்கள் வரிப்பணத்தில் அரசாங்கம் தூக்கி நிறுத்த வேண்டுமா? இது பெரும் பணக்காரர்களும் பொருளாதார மேதைகளும் பேச வேண்டிய விஷயம், நமக்கென்ன என்று எண்ணி இந்தப் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். இந்தக் கேள்விக்கு இந்நாட்டில் முஸ்லிம் சமுதாயம் தன் மானத்தையே விலையாகக் கொடுத்திருக்கிறது. எப்படி என்பதைக் கடைசிவரை படித்தால் அறிவீர்கள்.

பஹல்காம் படுகொலையை அடுத்து 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வழியை இந்திய விமானங்களுக்கு அடைத்தது. டெல்லியிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பறக்கும் ஏர் இந்தியா விமானங்கள் சுற்றுவழியில் போக நேர்ந்தது. எரிபொருளும் கூடியது, நேரமும் கூடியது. இது ஓராண்டு நீடித்தால் சுமார் 60 கோடி டாலர் இழப்பு என்று கணக்குப் போட்ட அந்தக் கம்பெனி, அதை ஈடுகட்ட மானியம் வேண்டும் என்று மத்திய அரசுக்கு எழுதியதாக அப்போது செய்தி வந்தது.

ஏர் இந்தியா இப்போது அரசாங்கத்தின் சொத்தல்ல. 2022 ஜனவரி 27 அன்றே அது டாட்டாவின் கைக்குப் போய்விட்டது. அதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வசம் இருக்கிறது. அரசிடம் இருந்தபோதும் மானியம், தனியாரிடம் போன பிறகும் மானியம் என்றால், இதற்கு முடிவுதான் என்ன?

பெருமைக்குரிய பழங்கதை

ஏர் இந்தியாவே வேண்டாத சுமை என்று சொல்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. 1932இல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு ஓட்டி வந்த சின்ன விமானத்தில் தொடங்கிய வரலாறு அது. அந்தத் தபால் சேவை அன்றே பெல்லாரி வழியாகச் சென்னை வரை வந்தது. 1953இல் நேருவின் அரசு அதை நாட்டுடைமை ஆக்கியது.

1990 ஆகஸ்டில் சதாமின் படை குவைத்துக்குள் புகுந்தபோது அங்கே பிழைக்கப் போயிருந்த நம்மவர்கள் லட்சக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். தமிழகத்திலும் கேரளத்திலும் எத்தனை வீடுகளில் அடுப்பெரியாமல் அழுகுரல் கேட்டது! அப்போது ஜோர்டான் தலைநகர் அம்மானிலிருந்து சுமார் இரண்டு மாத காலத்தில் 488 முறை பறந்து, 1,70,000க்கும் அதிகமான இந்தியர்களைக் கொண்டுவந்து சேர்த்தது இந்த ஏர் இந்தியாதான். இந்தியன் ஏர்லைன்சும் துணை நின்றது. அந்த நன்றியை நாம் மறக்கவில்லை. இலாபக் கணக்கு மட்டும் பார்க்கும் கம்பெனி இதைச் செய்யுமா என்று கேட்பவர்களின் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2022இல் உக்ரைனில் சிக்கிய மாணவர்களை அழைத்துவந்தபோது ஏர் இந்தியா தனியாரிடம் போயிருந்தது. தனியார் கம்பெனிகளின் விமானங்களும் விமானப்படையும் சேர்ந்து அந்த வேலையை முடித்தன. செலவை அரசு ஏற்றுக்கொண்டது. ஆபத்துக் காலத்தில் செய்யும் சேவைக்கு அரசு பணம் கொடுப்பது வேறு. அந்த ஒரு நாளைக் காட்டி, ஆண்டு முழுவதும் ஒரு கம்பெனியின் நஷ்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புவது வேறு.

ஊரான் வீட்டு நெய்

கண்ணை மூடிக்கொண்டு நிரப்பியதன் கதையைக் கேளுங்கள். 2005, 2006ஆம் ஆண்டுகளில் ஏர் இந்தியாவுக்கு 68, இந்தியன் ஏர்லைன்சுக்கு 43 என்று மொத்தம் 111 விமானங்களுக்கு ஆர்டர் போனது. கைப்பணம் இல்லை, ஏறக்குறைய எல்லாமே கடன். 2007இல் இரண்டு கம்பெனிகளையும் ஒன்றாக்கினார்கள். இரண்டு நோயாளிகளை ஒரே கட்டிலில் படுக்க வைத்தால் நோய் தீருமா? இப்படிக் கடன் வாங்கி விமானம் குவித்ததை 2011இல் மத்திய தணிக்கை அதிகாரியின் அறிக்கை கடுமையாகச் சாடியது.

2012இல் மன்மோகன் சிங் அரசு ரூ. 30,231 கோடிக்கு மீட்புத் திட்டம் போட்டது. அதன்பின் வந்த மோடி அரசும் பணம் போட்டது. விற்பனையின்போது அரசே சொன்ன கணக்கு இது: 2009-10 முதல் ரொக்கமாக ரூ. 54,584 கோடி, கடனுக்கு உத்தரவாதமாக ரூ. 55,692 கோடி. இரண்டும் சேர்ந்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கோடிக்கு மேல்! இத்தனைக்குப் பிறகும் நாளொன்றுக்கு ரூ. 20 கோடி நஷ்டம் என்று அரசு அதிகாரிகளே அறிவித்தார்கள்.

"ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்பார்களே, அதுதான் நடந்தது. விமானம் வாங்கச் சொன்ன மந்திரியின் சம்பளத்தில் ஒரு பைசா குறைந்ததா? கம்பெனிகளை இணைக்கச் சொன்ன அதிகாரி எங்காவது பதில் சொன்னாரா? கணக்குக் கேட்க ஆளில்லாத பணம் எங்கே போனாலும் இப்படித்தான் கரையும்.

ஹாஜிகளின் பெயரில் ஒரு பில்

இனி நம் கதைக்கு வருவோம். ஒரு காலத்தில் ஏழை எளிய முஸ்லிம்கள் பம்பாயிலிருந்து கப்பலேறி ஜித்தா போனார்கள். கட்டணம் குறைவு. கப்பல் பயணம் படிப்படியாகக் குறைந்து 1995இல் அடியோடு நின்றது. விமானத்தில் போகச் சொன்ன அரசு, கட்டண வித்தியாசத்தைத் தானே ஏற்பதாகச் சொன்னது. 1970களில் இப்படித் தொடங்கியதுதான் ஹஜ் மானியம்.

இந்த மானியத்தில் ஒரு ரூபாயாவது எந்த ஹாஜியின் கைக்காவது வந்ததா? இல்லை. ஹஜ் கமிட்டி மூலம் போகும் பயணி தன் பங்குத் தொகையைக் கட்டுவார். விமானக் கம்பெனி கேட்கும் கட்டணத்தில் மீதியை அரசு நேராக அந்தக் கம்பெனிக்கே கொடுக்கும். எந்தக் கம்பெனியில் போவது என்று ஹாஜி தேர்ந்தெடுக்க முடியாது. இரு நாட்டு ஏற்பாட்டின்படி ஒரு பங்கு ஏர் இந்தியாவுக்கு, ஒரு பங்கு சவூதி நிறுவனத்துக்கு. போட்டி இல்லாத இடத்தில் விலையை யார் குறைப்பார்கள்?

ஹாஜிகளை இறக்கிவிட்டு விமானம் காலியாகத் திரும்புகிறது, திரும்ப அழைத்துவரக் காலியாகப் போகிறது, ஆகவே செலவு கூடுகிறது என்று கம்பெனிகள் சொன்னன. அதில் உண்மை உண்டு. அப்படியானால் திறந்த டெண்டர் விட்டு, குறைந்த செலவில் யார் கொண்டுபோவார் என்று பார்த்திருக்கலாமே! காலி விமானத்தின் செலவை ஹாஜியின் பெயரில் எழுதியது என்ன நியாயம்?

1994இல் ரூ. 10.51 கோடியாக இருந்த இந்தத் தொகை 2011இல் ரூ. 685 கோடியாக ஏறியது. தொகை ஏற ஏற, "பார்த்தீர்களா, முஸ்லிம்களைத் தாஜா செய்கிறார்கள்" என்ற கூப்பாடும் ஏறியது. தேர்தல் மேடைதோறும் இதே பேச்சு. அடுத்த வீட்டு இந்துச் சகோதரரும், தன் வரிப்பணத்தில் நாம் மக்காவுக்குப் போகிறோம் என்று மனதார நம்பினார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவரிடம் காட்டப்பட்ட பில்லில் நம் பெயர்தானே இருந்தது! பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

ஹஜ், வசதி படைத்தவர் மீது மட்டுமே கடமை. கடன்பட்டோ, பிறர் தயவிலோ போக வேண்டும் என்று மார்க்கம் கட்டளையிடவில்லை. ஆகவேதான் செய்யது சஹாபுத்தீன் போன்ற தலைவர்கள், இது விமானக் கம்பெனிக்குப் போகும் மானியம், எங்களுக்கு வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லிவந்தார்கள். அந்தக் குரல் எத்தனைப் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு வந்தது?

நின்ற பிறகு நடந்தது

2012 மே மாதம் சுப்ரீம் கோர்ட் இந்த மானியத்தைப் பத்தாண்டுகளுக்குள் படிப்படியாக நிறுத்த உத்தரவிட்டது. அந்தப் பணத்தைச் சமுதாயத்தின் கல்விக்கும் முன்னேற்றத்துக்கும் செலவிடலாம் என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். அவகாசம் முடியும் முன்பே, 2018 ஜனவரியில் மத்திய அரசு மானியத்தை அடியோடு நிறுத்தியது. மிச்சமாகும் பணம் சிறுபான்மைப் பெண் பிள்ளைகளின் படிப்புக்குப் போகும் என்றார் அன்றைய அமைச்சர் முக்தார் அப்பாஸ் நக்வி. நம் சமுதாயம் தெருவில் இறங்கிக் கலவரம் செய்ததா? இல்லை. அந்த ஆண்டும் ஹாஜிகள் தங்கள் பணத்தில் போய் வந்தார்கள்.

வாக்குறுதி என்னவாயிற்று? 2022இல் சிறுபான்மையினருக்கான பள்ளி உதவித்தொகை ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை நிறுத்தப்பட்டது. ஆராய்ச்சி மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையும் அதே ஆண்டு நிறுத்தப்பட்டது. எட்டாம் வகுப்பு வரை இலவசக் கல்விச் சட்டம் இருக்கிறது, வேறு திட்டங்களும் இருக்கின்றன என்று அரசு காரணம் சொன்னது. கொடுத்தபோது ஒவ்வொரு கோடியையும் நம் பெயரில் எண்ணிக் காட்டியவர்கள், நிறுத்திய பிறகு அந்தக் கோடிகள் எங்கே போயின என்று எண்ணிக் காட்டினார்களா?

விற்ற பிறகாவது வரி செலுத்துவோருக்கு விடுதலை கிடைத்ததா? விற்கும்போது ஏர் இந்தியாவின் கடன் ரூ. 61,562 கோடி. டாட்டா ஏற்றது ரூ. 15,300 கோடி, ரொக்கமாகக் கொடுத்தது ரூ. 2,700 கோடி. மீதிக் கடன் ரூ. 46,262 கோடி அரசின் வேறொரு கம்பெனிக்கு மாற்றப்பட்டது. ரூ. 14,718 கோடி மதிப்புள்ள நிலமும் கட்டிடங்களும் அதே கம்பெனிக்குப் போயின. அவற்றை விற்றாலும் பெரும் பள்ளம் மிஞ்சும். அதை நிரப்புவது யார்? விமானத்தை அண்ணாந்து பார்க்க மட்டுமே கொடுத்து வைத்த கூலித் தொழிலாளியும், தீப்பெட்டி வாங்கும்போதெல்லாம் வரி கட்டும் ஏழைத் தாயும்தான்.

தனியார்மயமே சர்வரோக நிவாரணி என்பவர்களுக்கும் ஒன்றைக் காட்ட வேண்டும். 2024 ஹஜ்ஜுக்குக் கோழிக்கோட்டிலிருந்து விமானக் கட்டணம் சுமார் ரூ. 1,65,000 என்று அறிவிக்கப்பட்டது. கொச்சியிலும் கண்ணூரிலும் ரூ. 90,000க்குள். காரணம் என்ன? 2020 ஆகஸ்ட் விபத்துக்குப் பின் கோழிக்கோட்டில் பெரிய விமானங்கள் இறங்க அப்போது அனுமதி இருக்கவில்லை. டெண்டருக்கு வந்தது ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஒன்று மட்டுமே. பலத்த எதிர்ப்புக்குப் பின் கட்டணம் ஓரளவு குறைக்கப்பட்டது; கொச்சி அளவுக்கு இறங்கவில்லை. முதலாளி அரசா, தனியாரா என்பதை விட, போட்டி இருக்கிறதா, கேள்வி கேட்க ஆள் இருக்கிறதா என்பதே முக்கியம் என்பதற்கு இதை விட என்ன சாட்சி வேண்டும்?

அப்படியானால் என்னதான் வழி?

விமானக் கம்பெனிக்கு ஒரு பைசாவும் கூடாது என்று நாம் சொல்லவில்லை. இலாபம் தராத சிறு ஊர்களுக்கு விமானம் விடவும், ஆபத்தில் சிக்கிய குடிமக்களை அழைத்துவரவும், அண்டை நாட்டோடு ஏற்பட்ட பகையால் அடைபட்ட வழியைச் சுற்றிப் போகவும் அரசு உதவுவதில் தவறில்லை. வான்வழி அடைபட்டது ஏர் இந்தியாவின் குற்றமல்ல. ஆனால் உதவிக்கு மூன்று நிபந்தனைகள் வேண்டும்.

முதலாவது, எந்தச் சேவைக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். கம்பெனியின் நஷ்டத்துக்கு என்று மொத்தமாகக் கொடுக்கக் கூடாது.

இரண்டாவது, அந்தச் சேவையைச் செய்ய முன்வரும் எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரே விதி வேண்டும். சிறு ஊர் விமானங்களுக்கான உடான் திட்டத்தில், குறைந்த மானியம் கேட்பவருக்கே வாய்ப்பு என்றும், குறிப்பிட்ட காலம் வரைதான் உதவி என்றும் இந்த அரசே விதி வைத்திருக்கிறது. சேலத்துக்குப் பொருந்தும் விதி டெல்லி - லண்டன் விமானத்துக்கு மட்டும் பொருந்தாதா?

மூன்றாவது, வாங்குபவரின் பெயரிலேயே பில் எழுத வேண்டும். மானியம் விமானக் கம்பெனிக்கு என்றால் அதன் பெயரைப் போட்டு நாடாளுமன்றத்தில் கணக்கு வையுங்கள். இன்று ஹாஜிகள், நாளை மீனவர்கள், மறுநாள் விவசாயிகள் என்று யாராவது ஒரு ஏழைக் கூட்டத்தின் முதுகில் அதை ஏற்றாதீர்கள்.

சமுதாயப் பெருமக்களே! இனி யாராவது உங்களிடம் வந்து, "உங்கள் ஹஜ்ஜுக்கு நாங்கள்தானே பணம் கொடுத்தோம்" என்று சொன்னால் கோபப்படாதீர்கள். இந்தக் கணக்கை எடுத்து நிதானமாகச் சொல்லுங்கள். நம் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: எந்தக் கம்பெனி மானியம் கேட்டு வந்தாலும், எவ்வளவு, எதற்கு, எத்தனை நாளைக்கு, யார் பெயரில் என்று சபையில் எழுந்து கேளுங்கள். நான்காவது கேள்வியை மட்டும் ஒருபோதும் மறந்து விடாதீர்கள்!