கவிழ்த்த சீட்டும் கண்மூடித் தீர்ப்பும்

2003-இல் லாஸ் வேகாஸில் நடந்த போக்கர் உலகத் தொடரின் இறுதி மோதல். கையிலிருந்த ஒன்பதும் மேசையிலிருந்த ஒன்பதும் ஜோடி சேர்ந்திருந்தும் சாமி ஃபர்ஹா சீட்டைக் கவிழ்த்து விலகினார். எதிரே கிறிஸ் மனிமேக்கரிடம் ஒரு ஜோடிகூட இல்லை; இருந்த காய்களை எல்லாம் பந்தயத்தில் தள்ளி மிரட்டியிருந்தார், அவ்வளவே. ஃபர்ஹா அஞ்சிவிட்டார் என்பார் உளர். இத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை.

மேசையில் விரிந்த ஐந்து சீட்டுகளுள் மூன்று இஸ்பேட். ஆறு, எட்டு, ஒன்பது என நெருங்கி நிற்கும் எண்கள் வேறு. அங்கே ஒற்றை ஜோடி வலியதுதான். ஆயினும் எளிதில் உடையும் வலிமை அது. எதிராளியோ இணையத்தில் ஆடித் தகுதி பெற்று வந்த கணக்காளர்; எப்போது பாய்வார், எப்போது பதுங்குவார் என்று கணிக்கப் பழைய ஆட்டங்கள் இல்லை.

தொலைக்காட்சியில் பார்த்தோருக்கு இருவர் சீட்டும் தெரிந்தன; ஃபர்ஹாவுக்குத் தம்முடையவை மட்டுமே. மனிமேக்கர் கையில் இரண்டு இஸ்பேட் இருந்திருப்பின் இதே விலகலை விவேகம் என்று கொண்டாடியிருப்போம் அல்லவா? விளைவை அறிந்தபின் முடிவெடுத்தவரை அளப்பது திறனாய்வு அன்று. வென்றவருக்குப் பாடும் வாழ்த்துப்பா. கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு முதல் அத்தியாயத்து மாந்தரை மூடர் என்னும் வாசகருக்கும் இவர்களுக்கும் என்ன வேறுபாடு?