எதை எடுப்பது, எதை விடுவது?



துணிக்கடைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். காசு இல்லாமல் அல்ல, காசு கையில் இருந்தும்தான். மகள் கல்லூரி விடுதிக்குப் போகிறாள், அவளுக்கு நம் கையாலேயே ஒரு துண்டுத்துணிப் போர்வை தைத்துக் கொடுப்போம் என்று ஆசைப்படுகிறோம். தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறிக் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவுக்கோ, கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்கோ போய் இறங்குகிறோம். அங்கே மாடி மாடியாகத் துணி. நீலம் என்று கேட்டால் இருபது நீலத்தை எடுத்துப் போடுகிறார்கள். பூப்போட்டது, கோடு போட்டது, புள்ளி வைத்தது, பத்தேக் என்று சுருள் சுருளாக விரிகிறது. ஒரு மணி நேரத்தில் கண் பூத்துவிடுகிறது. விற்கும் பெண்ணுக்கு முகம் கோணுமே என்ற கூச்சத்தில் ஏதோ நான்கு துணிகளை வெட்டச் சொல்லிவிட்டு வருகிறோம். வீட்டு வாசலில் விரித்துப் பார்த்தால் ஒன்றோடு ஒன்று சேர்வதில்லை. வெட்டிய துணியைக் கடைக்காரர் திரும்ப எடுப்பாரா? அறுபது, எழுபது வெள்ளி போனது போனதுதான்.

நமக்கு நாகரிகம் போதாது, பட்டணத்துப் பெண்களுக்கு இது கைவந்த கலை என்று எண்ணி யாரும் மனம் நோக வேண்டாம். அமெரிக்காவில் ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் என்ற இருவர் ஒரு மளிகைக் கடையில் இதைச் சோதித்துப் பார்த்து, 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். 24 வகை ஜாம் புட்டிகளை மேசையில் அடுக்கியபோது, வந்தவர்களில் நூற்றுக்கு 60 பேர் நின்று பார்த்தார்கள். 6 வகை மட்டும் வைத்தபோது 40 பேர்தான் நின்றார்கள். ஆனால் நின்றவர்களில் வாங்கியவர்கள் எத்தனை பேர்? 24 வகைக்கு நூற்றுக்கு 3 பேர், 6 வகைக்கு 30 பேர்! பின்னால் மற்றவர்கள் செய்த சோதனைகளில் எல்லாம் இதே விடை வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தமக்கு வேண்டியது இன்னது என்று தெரிந்து வந்தவர்களைப் பெருங்குவியல் அவ்வளவாகக் குழப்புவதில்லை. நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் அதுதான்.

முன்பெல்லாம் சம்பளம் போட்டதும் துணிக்காரர் சைக்கிளில் மூட்டையோடு லயத்துக்கே வருவார். பத்துப் பன்னிரண்டு துணிதான் இருக்கும். அரை மணியில் எல்லா வீட்டுக்கும் துணி எடுத்தாகிவிடும். அந்தக் காலம்தான் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. கடனுக்கு வாங்கியதால் அவர் சொன்னதுதான் விலை. குழப்பம் மட்டும் இல்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் அது பருத்தித் தோட்டம். அங்கே அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்களின் வழிவந்தவர்கள்தான் இன்றும் அங்கு வாழ்கிறார்கள். அவ்வூர்ப் பெண்கள் வயல் வேலைக்குப் போட்டுத் தேய்ந்த காற்சட்டையையும் சட்டையையும் கிழித்துப் போர்வை தைத்தார்கள். 1972 முதல் ஒரு பெரிய கம்பெனிக்குத் தலையணை உறை தைத்துக் கொடுத்தபோது மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகளையும் விடவில்லை. விரல் விட்டு எண்ணக்கூடிய சில நிறங்கள்தான் அவர்களிடம் இருந்தன. அந்தப் போர்வைகள் 2002இல் ஹியூஸ்டன் நகர அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கிலும் சுவரில் தொங்கின. 2006இல் அமெரிக்கத் தபால் தலையிலும் ஏறின. குளிருக்காகத் தைத்தவை அவை!

ஆகவே கடைக்குப் போகுமுன் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். முதல் துணி அங்கிருந்துதான் வர வேண்டும். பாட்டியின் பருத்திச் சேலையோ, அப்பாவின் பழைய கைலியோ, எது மகளுக்கு வீட்டை நினைவூட்டுமோ அதை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதோடு சேரும் துணி நான்கே நான்கு என்று முடிவு செய்துவிடுங்கள்: அடர்நிறம் ஒன்று, வெளிர்நிறம் ஒன்று, சின்னப் பூ ஒன்று, ஒன்றுமே இல்லாத வெறும் நிறம் ஒன்று. ஐந்தாவது எவ்வளவு அழகாக இருந்தாலும் அது அடுத்த போர்வைக்கு.

பெட்டியில் ஒன்றும் தேறவில்லையா? மனத்துக்குப் பிடித்த பூத்துணி ஒன்றைக் கடையிலேயே எடுத்து, அதன் ஓரக்கரையைப் பாருங்கள். பல துணிகளில் அங்கே சின்னச் சின்ன வட்டங்கள் வரிசையாக இருக்கும். அந்தத் துணியை அச்சடித்த நிறங்கள் அவை. அவற்றில் மூன்று நிறத்தைத் தேடினால் போதும், மற்ற சுருள்களை ஏறெடுத்தும் பார்க்க வேண்டாம். எடுத்ததைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் காட்டச் சொல்லுங்கள். குழல்விளக்கில் ஒரு நிறம், வெயிலில் வேறு நிறம். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். எல்லாம் ஒன்றாகக் கலங்கித் தெரிந்தால் அடர்ந்ததும் வெளிறியதும் போதவில்லை என்று பொருள். பருத்தியோடு பாலியஸ்டரைச் சேர்க்காதீர்கள். துவைத்தால் ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது.

அடித்துணிக்கும் கணக்கு இருக்கிறது. 58 அங்குல அகலம், 80 அங்குல நீளமுள்ள போர்வைக்கு 44 அங்குல அகலத் துணி எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். நீளவாக்கில் இரண்டு துண்டு இணைத்தால் சுமார் 4.4 மீட்டர் வேண்டும். 64 அங்குலத் துண்டு இரண்டை வெட்டிக் குறுக்குவாக்கில் இணைத்தால் 3.25 மீட்டரிலேயே முடிந்துவிடும். மிஞ்சும் ஒரு மீட்டர்க் காசில் உள்ளே வைக்கும் பஞ்சு விரிப்புக்குக் கொஞ்சம் சேரும்.

வீட்டுக்கு வந்ததும் கத்திரியை எடுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு துணியையும் தனித்தனியே அலசிக் காயப்போடுங்கள். சிவப்பும் கருநீலமும் சாயம் விடக்கூடியவை. ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் கறை ஏறினால் மறுபடி அலசுங்கள். மூன்று தடவைக்குப் பிறகும் ஏறுகிறதென்றால் அந்தத் துணி போர்வைக்கு ஆகாது, தலையணை உறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.