சம்மாந்துறையில் ஓர் ஆய்வுகூடப் பட்டம் வேண்டும்

2020 மார்ச் இறுதியில் கொவிட்டால் இறந்த நீர்கொழும்பு முஸ்லிம் ஒருவரின் ஜனாஸா எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11 அன்று வந்த வர்த்தமானி எரிப்பதைக் கட்டாயமாக்கியது. பிறந்து 20 நாளான சிசுவின் உடலைக்கூட அந்த ஆண்டு டிசம்பரில் விட்டுவைக்கவில்லை. புதைத்தால் கிருமி நிலத்தடி நீரில் கலந்துவிடும் என்று அதற்குக் காரணம் சொன்னார்கள்.

அந்தக் காரணம் அப்போதே ஆட்டங்கண்டிருந்தது. புதைக்கலாம், எரிக்கலாம், இரண்டுக்கும் தடையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருந்தது. 2003 இல் சார்ஸ் நோயின் கிருமியைக் கண்டுபிடித்த குழுவின் முன்னணி விஞ்ஞானி மலிக் பீரிஸ், நம் நாட்டில் பிறந்து பேராதனையில் மருத்துவம் படித்தவர். கொவிட் நீரால் பரவும் நோயல்ல என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். நுண்ணுயிரியல் பேராசிரியை ஜெனிஃபர் பெரேரா தலைமையிலான நிபுணர் குழுவும் நல்லடக்கத்தை அனுமதிக்கலாம் என்றே பரிந்துரைத்தது. இருந்தும் 2021 பெப்ரவரி 25 வரை வர்த்தமானி மாறவில்லை. மார்ச் 5 அன்றுதான் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தது. எரிக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு அது என்ன ஆறுதலைத் தந்திருக்கும்?

அறிவியல் இருந்தும் அரசியல் அதைக் கேட்கவில்லை என்பது உண்மை. நம் பிள்ளைகள் நூறு பேர் ஆய்வுகூடங்களில் இருந்திருந்தால் அந்தக் கொடுமை நடந்தே இருக்காது என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால், கல்முனைக் கரையில் இருந்த நாம் அந்தப் பத்து மாதமும் எதைக் கையில் வைத்துக்கொண்டு பேசினோம்? துஆ கேட்டோம், நீதிமன்றம் போனோம், எதிர்ப்பைக் காட்ட வேலிகளில் வெள்ளைத் துணி கட்டினோம். இறந்த உடலில் வைரஸ் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும், மணலில் அது எவ்வளவு தூரம் நகரும், கிணற்று நீரில் அதை எப்படித் தேடுவது என்ற கேள்விகளுக்கு மட்டும் வேறு யாராவது பதில் சொல்லட்டும் என்று காத்திருந்தோம். அவை உயிர்மருத்துவ விஞ்ஞானத்தின் கேள்விகள். நம் மண்ணையும் கிணற்றையும் பற்றிய அந்தக் கேள்விகளை இங்கேயே ஆராய நமக்கு ஆளும் இல்லை, ஆய்வுகூடமும் இல்லை.

இந்தக் குறை இன்னும் தீரவில்லை. உயர்தரத்தில் உயிரியல் பிரிவை எடுக்கும் பிள்ளைக்கு இந்தக் கரையில் வீடும் ரியூசனும் உறவும் காட்டும் வழி ஒன்றுதான்: வைத்தியர். இசட் புள்ளி வெட்டுக்குக் கொஞ்சம் கீழே போய்விட்டால், அந்தப் பிள்ளை தோற்றுப்போன பிள்ளை. பிறகு இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் கிடைத்தால் அதை ஆறுதல் பரிசாகத்தான் வீட்டில் சொல்கிறார்கள். இந்தப் பேச்சை நாம் நிறுத்த வேண்டும். காய்ச்சலோடு வருபவருக்கு டெங்குவா, எலிக்காய்ச்சலா, இரத்தத்தட்டுகள் எவ்வளவு இறங்கியிருக்கின்றன என்று சொல்வது ஆய்வுகூடம். வாப்பாவின் சிறுநீரகம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்வதும் அதுதான். காரணம் தெரியாத சிறுநீரக நோய் நமது அம்பாறை மாவட்டத்தின் தெஹியத்தகண்டியையும் விட்டுவைக்கவில்லை. இரத்தம் ஏற்றும்போது வகை தவறினால் உயிர் போகலாம். அந்தப் பொறுப்பு முழுவதையும் சுமப்பவரை இரண்டாந்தர ஆளாகப் பார்க்கும் சமூகம் தன் உயிரையே மலிவாக மதிக்கிறது.

மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படிக்க விரும்பும் பிள்ளை எங்கே போவது? பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, ருகுணை, யாழ்ப்பாணம். சொறிக்கல்முனையின் கத்தோலிக்கக் குடும்பமானாலும் சாய்ந்தமருதின் முஸ்லிம் குடும்பமானாலும், மகளை நான்கு வருடம் அவ்வளவு தூரத்தில் விடுவதற்கு முன் பல இரவு யோசிக்கும். சரியோ தவறோ, அந்த யோசனையில் பல பெண்பிள்ளைகளின் படிப்பு முடிந்துவிடுகிறது. வசதி உள்ளவர்கள் கொழும்பின் தனியார் நிறுவனங்களில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் உயிர்மருத்துவ விஞ்ஞானப் பட்டத்தைப் பெருந்தொகை கட்டிப் படிக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை: பணம் கட்டுவதற்கு முன், அந்தப் பட்டத்தோடு இலங்கை மருத்துவச் சபையில் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக (எம்.எல்.ரி.) பதியலாமா என்று எழுத்தில் கேளுங்கள். பிரித்தானியா போவதாக இருந்தாலும் இதே எச்சரிக்கைதான். அங்கே பதிவு இல்லாமல் உயிர்மருத்துவ விஞ்ஞானி என்ற பெயரோடு யாரும் வேலை செய்ய முடியாது. பட்டம் வேறு, தொழில் உரிமம் வேறு.

நமது கோரிக்கை தெளிவானது. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. அங்கே உயிரியல் துறை இருக்கிறது, இரசாயனத் துறை இருக்கிறது. சிறிது தூரத்தில் கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை என்று இரண்டு பெரிய வைத்தியசாலைகள். இந்த மூன்றையும் சேர்த்து நான்கு வருட மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானப் பட்டம் ஒன்றை அங்கே தொடங்க வேண்டும். பாதிப் படிப்பு பீடத்தில், மீதி வைத்தியசாலை ஆய்வுகூடங்களில் நேரடிப் பயிற்சியாக.

மருத்துவ பீடமே வேண்டும் என்று கேட்பவர்கள் இதைக் குறைவாக நினைக்கலாம். மருத்துவ பீடத்துக்குப் பேராசிரியர் அலகுகளும் போதனா வைத்தியசாலையும் பெரும் முதலீடும் வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் படிப்பும் ஏற்கெனவே மட்டக்களப்பில் நடக்கிறது. ஆய்வுகூடப் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. நாளை மருத்துவ பீடம் வந்தாலும் அதற்குத் தேவையான உயிர்இரசாயன, நுண்ணுயிரியல் ஆய்வுகூடங்கள் அதற்குள் தயாராக இருக்கும். வேலை கிடைக்குமா என்ற கேள்வி இதைவிட நியாயமானது. பட்டதாரிகள் நியமனத்துக்குக் காத்திருப்பதை நாம் மறைக்கவில்லை. ஆகவே பட்டத்தைக் கேட்கும் அதே கடிதத்தில், வைத்தியசாலைகளில் எம்.எல்.ரி. பதவிகளின் எண்ணிக்கையை உயர்த்தவும் சுகாதார அமைச்சிடம் கேட்க வேண்டும். சிறப்புப் பரிசோதனைகளுக்காக 300 கிலோமீற்றருக்கு அப்பால் பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தை நம்பியிருக்கும் ஒரு பிரதேசத்தில், செய்ய வேலை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொரு விடயத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கல்முனையில் பிரதேச செயலகம் முதற்கொண்டு எல்லாமே தமிழர் பக்கம், முஸ்லிம் பக்கம் என்று பிரிந்து நிற்கிறது. வைத்தியசாலைகளைப் பற்றிய பேச்சும் அப்படித்தான் போகிறது. தென்கிழக்குப் பல்கலைக்கழகமே போர்க்காலப் பிளவிலிருந்து, 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகப் பிறந்தது. இந்தப் பட்டமாவது அந்தப் பிளவுக்குள் மாட்டக்கூடாது. மாணவருக்கு இரண்டு வைத்தியசாலைகளிலும் சுழற்சி முறையில் பயிற்சி தரவேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே ஒப்பந்தமாக எழுதிவிட வேண்டும். சொறிக்கல்முனை மாணவி அஷ்ரஃப் வைத்தியசாலையில் இரத்த மாதிரி பார்க்கட்டும், மருதமுனை மாணவன் வடக்கு வைத்தியசாலையில் பார்க்கட்டும்.

திட்ட முன்மொழிவைத் தென்கிழக்குப் பல்கலைக்கழக மூதவை தயாரித்து, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். திகாமடுல்லைத் தேர்தல் மாவட்டத்தின் தமிழ், முஸ்லிம் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஒரே கடிதத்தில் கையொப்பமிட்டு அதற்குத் துணை நிற்க வேண்டும்.