கீரைக்கு ருசி கூட்டும் கம்பம் திராட்சை வினிகர்

பன்னீர் திராட்சை என்றாலே கம்பம் பள்ளத்தாக்குதான். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று எங்கு பார்த்தாலும் பந்தல்கள். வருடம் முழுவதும் அறுவடை நடப்பது இதன் தனிச்சிறப்பு. 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால், மழை பிடித்தால் பழம் வெடித்துவிடும். பறித்த பழம் நாள் கணக்கில் தாங்காது. கொத்திலிருந்து உதிர்ந்த பழத்துக்கோ விலையே இல்லை. அந்தப் பழத்தை வீணாக்காமல் காக்கும் வழிதான் வினிகர். நம் பாட்டிமார் சொன்ன ‘காடி’யும் இதன் உறவுதான்.

திராட்சை வினிகர்

அழுகாத, பூஞ்சை இல்லாத பழம் ஒரு கிலோ. கழுவி, ஈரம் போகத் துடைத்து, கையால் பிசைந்து, கண்ணாடி ஜாடியில் முக்கால் பாகம் நிரப்புங்கள். வாயை மெல்லிய துணியால் கட்டி, தினம் இரண்டு முறை கிளறுங்கள். சர்க்கரை நொதித்து நுரைக்கும். பத்து நாளில் வடிகட்டி, மீண்டும் துணி கட்டி, வெயில் படாத இடத்தில் ஐந்தாறு வாரம் வையுங்கள். காற்று பட்டால்தான் புளிப்பு ஏறும். இறுக மூடக் கூடாது. மேலே வழவழப்பான ஏடு படிந்தால் நல்லது. பஞ்சு போல பூஞ்சை பூத்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

கால் லிட்டர் வினிகரில் ஆறு பல் பூண்டு, இரண்டு வரமிளகாய் போட்டு ஒரு வாரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் மணம் இறங்கிவிடும்.

சிறுகீரைப் பொரியல்

உழவர் சந்தையில் காலையில் வாங்கிய சிறுகீரை ஒரு கட்டு. கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் தாளித்து, பத்து சின்ன வெங்காயத்தை வதக்கி, நறுக்கிய கீரையைச் சேருங்கள். தண்ணீர் தெளித்து, மூடாமல் வேக விடுங்கள். உப்பு, தேங்காய்த்துருவல் போட்டு இறக்கி, சூடு தணிந்ததும் ஒன்றரை டீஸ்பூன் வினிகர் கலந்து உடனே பரிமாறுங்கள்.

முதலிலேயே ஊற்றினால் புளிப்பு பச்சையத்தைக் கெடுத்து, கீரை காக்கி நிறமாகிவிடும். அலுமினியப் பாத்திரமும் வேண்டாம்.

கவனிக்க

கடை வினிகரில் குறைந்தது 3.75 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்க வேண்டும் என்பது விதி. வீட்டு வினிகரில் அந்த அளவு நிச்சயமில்லை. எனவே வருட ஊறுகாய்க்கு இதை நம்பாதீர்கள். வினிகரில் வைட்டமின் சி கிடையாது. கீரையின் இரும்புச்சத்து உடலில் சேர, பக்கத்தில் ஒரு துண்டு எலுமிச்சையும் இருக்கட்டும். வயிற்றுப்புண் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.