லைன் லாஸும் ஒளி லாஸும்

மின்வாரியத்தில் 30 ஆண்டுக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். லைன் லாஸ் என்ற சொல் காதில் விழாத நாளே கிடையாது. அதனால்தான் போன வாரம் அஸ்தம்பட்டி ரவுண்டானா பக்கத்து டீக்கடையில் நண்பர் ஒருவர் கேட்ட கேள்விக்கு வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"மகாராஷ்டிராவுல 2,600 கோடி போட்டு ஏதோ கண்ணாடி வெக்கிறாங்களாமே சார்? அந்தக் காசுல எத்தன ஊருக்குத் தண்ணி கொண்டு வரலாம்!"

அவர் சொன்னது லைகோ-இந்தியா. ஹிங்கோலி மாவட்டம், ஔண்டா நாகநாத். ஜோதிர்லிங்க யாத்திரை போனவர்களுக்கு ஊர் தெரிந்திருக்கும். 4 கிலோமீட்டர் நீளத்தில் 'ட' போல இரண்டு குழாய்கள், உள்ளே லேசர், கோடியில் தொங்கும் கண்ணாடிகள். எங்கோ இரண்டு கருந்துளைகள் மோதினால் வரும் ஈர்ப்பு அலை, அந்த நீளத்தை ஒரு புரோட்டானின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக மாற்றும். அமெரிக்காவில் இருக்கும் இரண்டு கருவிகள் 2015 செப்டம்பர் 14 அன்று முதன்முதலில் அதைப் பிடித்துவிட்டன.

லாரி, ரயில் அதிர்வையெல்லாம் தடுத்த பிறகும் ஒரு தொல்லை மிஞ்சும். ஒளியே சீராக வராது; தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி துகள் துகளாக விழும். அதுதான் குவாண்டம் இரைச்சல். அதைக் குறைக்க ஒளியைப் 'பிழிகிறார்கள்'. பலூனை ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் புடைக்குமே, அப்படி நமக்கு வேண்டிய பக்கத்தில் நடுக்கத்தைக் குறைத்து, வேண்டாத பக்கம் தள்ளிவிடுகிறார்கள். அமெரிக்கக் கருவிகளில் 2019 முதல் இது நடக்கிறது. 2023-ல் 300 மீட்டர் நீளத்துக்கு இன்னொரு கண்ணாடி அமைப்பும் சேர்த்து, ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் ஏற்ற பக்கம் அமுக்குகிறார்கள்.

இங்கேதான் லாஸ் வருகிறது. நம் கம்பியில் 100 யூனிட் அனுப்பி 90 வந்தால், வந்த 90-க்குப் பழுதில்லை. வோல்டேஜ் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பிழிந்த ஒளி அப்படியல்ல. தொலைந்த ஒளியின் இடத்தில் வெற்றிடத்தின் சாதாரண நடுக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரைச்சலை 100-லிருந்து 10 ஆக்கினோம் என்று வையுங்கள். வழியில் 10 சதவீதம் ஒளி தொலைந்தால் இரைச்சல் 19 ஆகிவிடும். பாதி உழைப்பு போச்சு! கண்ணாடியில் ஒட்டிய தூசிக்கும், மயிரிழை கோணலுக்கும் அவர்கள் உயிரை விடுவது அதனால்தான்.

பணம் போவதில் எனக்கு வருத்தமில்லை. 2016 பிப்ரவரியில் கொள்கையளவில் ஒப்புதல், முழு ஒப்புதல் 2023 ஏப்ரலில். அந்த 7 ஆண்டு எனக்கு உறுத்துகிறது. அதைவிட உறுத்துவது, முக்கியக் கருவிகள் அமெரிக்காவிலிருந்து வருவது. பெட்டியைப் பிரித்துப் பொருத்துவதோடு நின்றால் நாம் வெறும் வயர்மேன்தான். கண்ணாடிக்குப் பூச்சு போடுவதையும் ஒளியைப் பிழிவதையும் நம் பிள்ளைகள் கற்க வேண்டும். லைகோ கூட்டமைப்பில் சென்னை ஐஐடி இருக்கிறது. நம்ம கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் அந்தக் கதவு திறக்க வேண்டும் என்றேன்.

நண்பர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிங்க சார், பத்து எப்படிப் பத்தொன்பது ஆச்சு?" என்றார்.

மிச்ச 90 பங்கு ஒளியில் 9, புகுந்த 10 பங்கில் 10 என்று பேப்பர் ஓரத்தில் எழுதிக் காட்டினேன். நாளைக்குப் பேரனையும் கூட்டிக்கொண்டு வருகிறாராம்.