நாமே செய்த கார்: சாவியை யாரிடம் கொடுப்பது?



"பழைய மாருதி 800 இன்ஜின், நாலு சக்கரம், பைப்பில் ஒரு சேஸிஸ். கார் ரெடி!" ஹாஸ்டலில் இதைப் பேசாத நாளில்லை. நானும் பேசினவன்தான். போன லீவில் செஞ்சியில், மாமாவின் வெல்டிங் பட்டறையில், செய்தும் பார்த்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சந்தோஷமே தனி! 1957-ல் இங்கிலாந்தில் வந்த லோட்டஸ் செவன் காரைப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டினார்கள். எடை சுமார் 500 கிலோதான். எடை குறைந்தால் சின்ன இன்ஜினே பறக்கும். நம் கோவை ஜி.டி. நாயுடுவும் 1952-ல் இரண்டு பேர் போகும் கார் செய்தார். அரசு அனுமதி கிடைக்காமல் தயாரிப்பு நின்றது.

என் கதை? கோட்டை தெரியும் காலி மைதானத்தில் தம்பியைப் பக்கத்தில் வைத்து ஓட்டினேன். முதல் வளைவிலேயே ஸ்டீயரிங் பிராக்கெட் வெல்டு விட்டுப்போச்சு. மெதுவாகப் போனதால் பிழைத்தோம். பார்த்தால், மேலே பளபளப்பு. உள்ளே உருகிப் பிடிக்கவே இல்லை. வெல்டு வைத்தது நானேதான்!

புது மாதிரி வண்டியை அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் சோதிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகன விதி 126. தொல்லை என்பார்கள் சிலர். அன்று தம்பி முகத்தைப் பார்த்த நான் சொல்லமாட்டேன். ரோட்டில் எதிரே வருகிறவர் நம் வெல்டை நம்பியா வருகிறார்?

ஆகவே, கார் செய்வோம். மைதானத்தில் மட்டும் ஓட்டுவோம். 2007-ல் தொடங்கிய பாஜா போட்டியில்கூட மாணவர் வண்டிகள் பிரேக் சோதனை தாண்டித்தான் ஓடுகின்றன. நம் பட்டறையிலும் ஒரு சட்டம் போடுவோமா? வெல்டை வேறொருவன் பார்த்த பிறகே சாவி!